வால்வு மூடிய தொட்டியில் ஏறி இறங்கிய தண்ணீர்: ஒரு பிரஷர் சென்சாரைச் சரிசெய்த கதை

தொட்டியின் எல்லா வால்வுகளையும் மூடியிருந்தேன். மோட்டார் ஓடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. ஆனால் திரையில் காலை 700 மி.மீ. என்று இருந்த மட்டம் மத்தியானம் 745க்கு ஏறியது. இரவில் மெல்ல இறங்கி, விடியும்போது பழையபடி 700க்கு வந்து நின்றது. மறுநாளும் அதே ஏற்றம், அதே இறக்கம். வெயில்தான் காரணம் என்பது வரைபடத்தைப் பார்த்தவுடனே புரிந்தது. வெயில் எந்த இடத்தில் புகுந்து எண்ணை மாற்றுகிறது என்பது புரிய மூன்று வாரம் ஆனது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடியில் இருக்கும் தொட்டி, வழியும் மட்டம் வரை 1000 மி.மீ. ஆழம். மேலிருந்து தரை வரை 4 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிக்கோன் குழாய் ஒன்றை இறக்கியிருக்கிறேன். குழாயின் கீழ்முனை தண்ணீருக்குள் திறந்திருக்கும்; உள்ளே காற்று அடைபட்டிருக்கும். தண்ணீர் ஏற ஏற அந்தக் காற்றின் அழுத்தம் கூடும். மேல்முனை, தொட்டி மூடியின்மேல் திருகிவைத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் சென்சாரில் போய்ச் சேரும். தண்ணீர் சென்சாரைத் தொடுவதே இல்லை, அதனால்தான் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு கிலோபாஸ்கல் என்பது சுமார் 102 மி.மீ. தண்ணீர். ஆக, நிரம்பிய தொட்டி பத்துக் கிலோபாஸ்கலுக்குச் சற்றுக் குறைவு.

சென்சார் 40 கிலோபாஸ்கல் வரை அளக்கும் சாதாரண சிலிக்கான் கேஜ் வகை. உள்ளே வெப்பத் திருத்தம் எதுவும் கிடையாது. அழுத்தத்துக்கேற்ப மாறும் நான்கு மின்தடைகளை இணைத்த வெறும் வீட்ஸ்டன் பாலம், நான்கு கம்பிகள், அவ்வளவுதான். அதன் சிக்னலை எச்எக்ஸ்711 என்ற சிப் பெருக்கி எண்ணாக மாற்றுகிறது, ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கணினிப் பலகை அதை வாசிக்கிறது. பெருக்கத்தை 128ல் வைத்தால் என் பாலத்தின் பூஜ்ய விலகலும் (அழுத்தமே இல்லாதபோதும் அது தரும் மின்னழுத்தம்) தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து எல்லையைத் தாண்டின. அதனால் 64க்கு இறக்கினேன். ஒவ்வொரு வாசிப்புக்கும் 27 துடிப்புகள் அனுப்பினால் அது 64ல் இருக்கும். பெட்டியின் உள்சுவரில் டிஎஸ்18பி20 வெப்பமானி ஒன்றை ஒட்டியிருந்தேன். மட்டம் 960ஐத் தொட்டால் ரிலே மோட்டாரை நிறுத்தும்.

இந்தப் பாலத்தில் ஒரு மி.மீ. தண்ணீருக்குக் கிடைப்பது சுமார் 16 மைக்ரோவோல்ட். கீழே வரும் பல சிக்கல்களை இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால்தான் சரியாக எடைபோட முடியும்.

இரண்டு நாள் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு, பலரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பெட்டியின் வெப்பம் 28 டிகிரியிலிருந்து 53க்குப் போகும்போது மட்டம் 45 மி.மீ. கூடுகிறது, அதாவது ஒரு டிகிரிக்கு 1.8. நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்து அதைக் கழித்தேன். வரைபடம் கிட்டத்தட்ட நேர்கோடாகிவிட்டது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த நாள் மத்தியானம் மோட்டாரைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சத்தம்: "தொட்டி வழியுது, மோட்டாரை நிறுத்து!" ஓடிப்போய்த் திரையைப் பார்த்தால் 910 என்று காட்டுகிறது. மேலே வழிகுழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. 960க்கு வராததால் ரிலேயும் பேசாமல் இருந்துவிட்டது. திருத்தம் செய்வதற்கு முன்னால் இருந்ததைவிட, செய்த பிறகு பிழை இரண்டு மடங்கு.

பெட்டிக்குள் அடைபட்ட காற்று

அந்தத் திருத்த வரியை அழித்துவிட்டு, பதிவை ஒரு நிமிடத்துக்கு ஒன்று என்பதிலிருந்து ஒரு நொடிக்கு ஒன்று என்று மாற்றினேன். வால்வுகளை மறுபடி மூடினேன். இந்த முறை முன்பு தெரியாத ஒன்று தெரிந்தது. பெரிய ஏற்ற இறக்கத்தின் மேலே சின்னச் சின்னப் பள்ளங்கள். மேகம் விலகி வெயில் சட்டென்று அடித்தால், மட்டம் 20, 30 மி.மீ. கீழே குதித்து, சில நிமிடங்களில் மெல்லப் பழைய இடத்துக்கு வருகிறது. மேகம் மறைத்தால் அதற்கு நேரெதிராக ஒரு மேடு.

சென்சாருக்குள் அழுத்தத்தை உணரும் சிலிக்கான் சவ்வு சூடாவதால் இது நடக்கிறது என்றால், மட்டம் திரும்பி வரக் காரணமே இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்வரை விலகல் நிலைத்திருக்க வேண்டும். திரும்பி வருகிறது என்றால் ஏதோ ஒன்று மெதுவாகக் கசிந்து சமநிலைக்கு வருகிறது. அப்படி யோசித்தபோதுதான் பெட்டி நினைவுக்கு வந்தது.

கேஜ் சென்சார் தனியாக எந்த அழுத்தத்தையும் அளப்பதில்லை. சவ்வின் ஒரு பக்கம் குழாய்க் காற்று, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அது சொல்கிறது. என் சென்சாரின் மறுபக்கம் திறந்திருந்தது, ஆனால் அது திறந்திருந்தது பெட்டிக்குள். மழைத் தண்ணீர் புகக்கூடாது என்று மூடிக்கு ரப்பர் கேஸ்கெட், கேபிளுக்கு இறுக்கமான கிளாண்ட், துளைகளுக்கெல்லாம் சிலிக்கோன் பசை என்று கவனமாக அடைத்திருந்தேன். முழுதாக அடைத்த பெட்டியில் காற்று ஒரு டிகிரி சூடானால் அதன் அழுத்தம் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு கூடும். வளியழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்றால், டிகிரிக்கு 0.34 கிலோபாஸ்கல். தண்ணீரில் சொன்னால் 34 மி.மீ.! ஒரே ஒரு டிகிரிக்கு. என் பெட்டி நல்லவேளையாக எங்கோ கொஞ்சம் கசிந்துகொண்டிருந்தது. அதனால்தான் பெரிய விலகலாக நிற்காமல் சில நிமிடப் பள்ளமாக வந்து மறைந்தது.

மூடியின் திருகுகளை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். பள்ளங்கள் அந்த நிமிடமே காணாமல் போயின. அப்புறம் காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு வைத்த மூச்சுத் திருகு ஒன்றைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் பொருத்தி, மூடியை மறுபடி இறுக்கினேன். எந்த டேட்டாஷீட்டிலும் இந்தப் பிழைக்கு எண் கிடையாது. இது சென்சாரின் பிழையே அல்ல, நான் கட்டிய பெட்டியின் பிழை. வெளியே மாட்டும் கேஜ் சென்சார் எதுவானாலும் அது எங்கே மூச்சு விடுகிறது என்பதைத்தான் இப்போதெல்லாம் முதலில் பார்க்கிறேன்.

குழாய்க்குள் இருந்த காற்று

பள்ளங்கள் போயின, 45 மி.மீ. ஏற்றம் அப்படியே இருந்தது. அடுத்த சந்தேகம் குழாய்.

குழாயின் கீழ்முனை வரை காற்று நிறைந்திருந்தால் அழுத்தம் அந்த முனையின் ஆழத்துக்குச் சரியாக இருக்கும். மத்தியானம் வெயிலில் கிடக்கும் மேல்பாதியில் காற்று விரியும், உபரி குமிழியாக வெளியேறிவிடும். இரவில் மீதிக் காற்று சுருங்கும். சுருங்கிய இடத்துக்குத் தண்ணீர் குழாய்க்குள் ஏறும். சென்சார் காண்பது தொட்டியின் மட்டத்துக்கும் குழாய்க்குள் ஏறிய மட்டத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டைத்தான். உள்ளே 45 மி.மீ. ஏறினால் திரையில் 45 குறையும். வெயிலில் ஒரு மீட்டர் குழாய் 25 டிகிரி சூடாகி ஆறினால் ஆறேழு சென்டிமீட்டர் வரை இப்படி ஏறலாம் என்று கணக்குச் சொல்கிறது. என் குழாயில் பாதி நிழல் என்பதால் 45 என்பது பொருந்திவருகிறது.

ஆக, நான் முதல் நாள் பார்த்ததும் "சென்சாரின் வெப்பப் பிழை" என்று பெயர் வைத்துக் கழித்ததும் பெரும்பாலும் இந்தக் காற்றின் வேலை. அதுவும் அந்தப் பிழை மத்தியானத்தில் இல்லை. மத்தியானம்தான் குழாய் சரியாக இருந்தது, தவறியது இரவில். நான் தலைகீழாகத் திருத்தியிருக்கிறேன்.

இதற்குத் தீர்வு நிரலில் இல்லை. துணி துவைக்கும் இயந்திரங்களில் தண்ணீர் மட்டத்தை அறியும் குழாயின் அடியில் அகலமான ஒரு காற்றறை இருக்கும். அதையே செய்தேன். 50 மி.மீ. உள்விட்டமும் 50 மி.மீ. உயரமும் உள்ள பிளாஸ்டிக் மூடி ஒன்றைக் கவிழ்த்துக் குழாயின் கீழ்முனையில் ஒட்டி, துருப்பிடிக்காத எஃகு நட்டுகளைக் கட்டித் தரையில் அமர்த்தினேன். பரப்பளவு 4 மி.மீ. குழாயைப்போல் 156 மடங்கு. குழாயில் 45 மி.மீ. ஏற்றிய அதே கனஅளவு, இந்த அறையில் 0.3 மி.மீ. மட்டுமே ஏற்றும். தொட்டி நிரம்பும்போது காற்று அழுந்தி அறைக்குள் தண்ணீர் ஐந்து மி.மீ. போல் ஏறத்தான் செய்கிறது. ஆனால் அது ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக நடப்பதால் அளவுத்திருத்தத்தில் அடங்கிவிடும். பழைய ஒல்லிக் குழாயில் இதே அழுந்தல் பல சென்டிமீட்டர் விழுங்கியிருக்கும். வழிந்த அன்று காணாமல் போன 90ல் ஒரு பகுதி அதுதான்.

அறையைப் போட்டதும் 700ல் மூடிவைத்த தொட்டி இரவும் பகலும் ஒன்றிரண்டு மி.மீ.க்குள் நின்றது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன். சரி, எதற்கும் பார்ப்போம் என்று தொட்டியை 100 மி.மீ. வரை காலிசெய்து ஒரு பகல் விட்டேன். மத்தியானம் 131 காட்டியது. நிரப்பி விட்டேன், மத்தியானம் 986 காட்டியது. காலியில் கூடுதல், நிறைவில் குறைவு, நடுவில் சரி. இனிமேல்தான் சென்சாரின் முறை.

பெருக்கியைச் சந்தேகித்து ஒரு நாள் போனது

சென்சாருக்குப் போவதற்கு முன் எச்எக்ஸ்711ஐ விலக்கிவிட நினைத்தேன். பாலத்துக்குப் பதிலாக நான்கு 4.7 கிலோஓம் மின்தடைகளைப் பாலமாகக் கட்டி, பெருக்கியோடு சேர்த்துச் சூடாக்கினேன். எண் 40 மி.மீ.க்குச் சமமாக நகர்ந்தது. பெருக்கிதான் குற்றவாளி என்று முடிவுகட்டி அதை மாற்றினேன். புதியதிலும் அதே 40.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது விளங்கியது. நான்கு மின்தடைகளும் வெப்பத்துக்கு ஒரே மாதிரி மாறுவதில்லை. அவற்றுக்குள் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 25 பங்கு வித்தியாசம் இருந்தாலே போதும். 25 டிகிரியில், 4.3 வோல்ட் பாலத்தில், 0.67 மில்லிவோல்ட் வந்துவிடும். மி.மீ.க்கு 16 மைக்ரோவோல்ட் என்றால் அது 40 மி.மீ.! நான் அளந்தது என் போலிப் பாலத்தின் நகர்வை. மின்தடைகளைக் கழற்றி, பெருக்கியின் இரண்டு உள்ளீடுகளையும் ஒரே நடுப்புள்ளியில் இணைத்துச் சூடாக்கினேன். நகர்வு ஒரு மி.மீ.க்கும் கீழே. பாலத்துக்கு ஊட்டும் அதே மின்னழுத்தத்தையே எச்எக்ஸ்711 தன் அளவுகோலாகவும் எடுத்துக்கொள்வதால், அது கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் விகிதம் மாறாது. பெருக்கி நிரபராதி.

அந்த நாள் வீணாகவில்லை. சென்சாரின் பூஜ்யம் ஏன் நகர்கிறது என்பதற்கான விடையும் அதிலேயே இருந்தது. சிலிக்கான் சவ்வின்மேல் இருக்கும் நான்கு மின்தடைகளும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று துளி வித்தியாசமாக மாறுகின்றன. அதோடு, சவ்வை ஏந்தியிருக்கும் பசையும் பிளாஸ்டிக்கும் சிலிக்கானைவிடப் பல மடங்கு விரிபவை. அவை விரியும்போது சவ்வைக் கொஞ்சம் இழுக்கின்றன. அழுத்தமே இல்லாதபோதும் அழுத்தம் இருப்பதுபோல் பாலம் சாய்கிறது.

பூஜ்யம் ஒரு பக்கம், வீச்சு மறுபக்கம்

இதை அளக்க ஒரு தெர்மோகோல் பெட்டி, சூடான தண்ணீர் புட்டிகள், பனிக்கட்டிப் பைகள் போதுமாயின. சென்சார் பெட்டிக்குள். அழுத்தம் கொடுக்கவும் அளக்கவும் ஒரு யூ வடிவக் கண்ணாடிநிறக் குழாய், அதில் சாயம் கலந்த தண்ணீர், பக்கத்தில் எஃகு அளவுகோல், ஒரு பெரிய சிரிஞ்ச். சிரிஞ்சை அழுத்திக் குழாயின் இரண்டு கைகளுக்கும் நடுவே 1000 மி.மீ. வேறுபாட்டைக் கொண்டுவந்தால் அதுதான் என் நிரம்பிய தொட்டி. யூ குழாயைப் பெட்டிக்கு வெளியே அறை வெப்பத்திலேயே வைப்பது முக்கியம். உள்ளே காற்று விரிந்து அழுத்தம் கூடினாலும் கவலையில்லை. யூ குழாய் உள்ளதை உள்ளபடி காட்டும், சிரிஞ்சை இழுத்து மறுபடி 1000க்குக் கொண்டுவரலாம்.

முன்பு ஒப்பிட நான் பயன்படுத்திக்கொண்டிருந்தது தொட்டியின் வெளிப்புறத்தில் மாட்டிய மட்டக் குழாய். அதை நம்புவதை இந்தக் கட்டத்தில் நிறுத்தினேன். 45 டிகிரி வெயிலில் நிற்கும் குழாய்த் தண்ணீரின் அடர்த்தி 990. தொட்டிக்குள் 30 டிகிரியில் 995.6. இலேசான தண்ணீர் உயரமாக நிற்கும். 700 மி.மீ. மட்டத்தில் குழாய் 4 மி.மீ. கூடுதலாகக் காட்டும். ஒப்பிடும் கருவியே வெயிலில் மாறிக்கொண்டிருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

ஒவ்வொரு வெப்பநிலையிலும் நாற்பது நிமிடம் காத்திருந்து, அழுத்தம் இல்லாமல் ஒன்று, 500ல் ஒன்று, 1000ல் ஒன்று என்று எடுத்தேன். 28 டிகிரியைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டால், அழுத்தமே இல்லாத நிலையில் 12 டிகிரியில் −27 மி.மீ., 41ல் +20, 53ல் +36. கிட்டத்தட்ட நேர்கோடு, மேலே போகப்போகக் கொஞ்சம் தணிகிறது. இது பூஜ்ய நகர்வு.

அடுத்தது வீச்சு, அதாவது ஒரே அழுத்தத்துக்குச் சென்சார் தரும் மாற்றத்தின் அளவு. பூஜ்யத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அதே 1000 மி.மீ. அழுத்தத்துக்கு 12 டிகிரியில் 1032, 41ல் 974, 53ல் 950. டிகிரிக்கு 0.2 சதவீதம் குறைகிறது. இது என் சென்சாரின் தனிக் குறையல்ல, சிலிக்கானின் இயல்பு. இழுத்தால் சிலிக்கானின் மின்தடை உலோகத்தைவிடப் பல மடங்கு அதிகமாக மாறும் என்று 1954ல் பெல் ஆய்வகத்தின் சார்லஸ் ஸ்மித் காட்டியதுதான் இந்தச் சென்சார்களுக்கெல்லாம் தொடக்கம். அந்த மாற்றத்தின் அளவு சூடு ஏற ஏறக் குறைகிறது. எம்பிஎக்ஸ்10 என்ற திருத்தமில்லாச் சென்சாரின் டேட்டாஷீட்டிலும் வீச்சுக்கு டிகிரிக்கு −0.19 சதவீதம் என்றே இருக்கும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 53 டிகிரியில் பூஜ்யம் 36 கூட்டுகிறது, வீச்சு 5 சதவீதம் குறைக்கிறது. உண்மை மட்டம் 100 என்றால் 95ம் 36ம் சேர்ந்து 131. உண்மை 1000 என்றால் 950ம் 36ம் சேர்ந்து 986. உண்மை 720 என்றால் 5 சதவீதமும் 36தான். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு 720 என்றே காட்டும். நான் முதல் இரண்டு நாள் தொட்டியை மூடிவைத்திருந்தது 700ல்! சென்சாரின் இரண்டு பிழைகளும் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போகும் அந்த ஒரே மட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, குழாய்க் காற்றின் விளையாட்டை அளந்து, அதைச் சென்சாருக்கான திருத்தமாக எழுதியிருக்கிறேன். வழிந்த நாளின் கணக்கு இப்போது நேராகிறது: தேவையில்லாமல் கழித்தது 45, சென்சார் குறைத்தது 14, மீதி 31 ஒல்லிக் குழாயில் அழுந்திய காற்று.

ஒரே மட்டத்தில் எடுத்த பதிவை வைத்து வெப்பத் திருத்தம் எழுதவே கூடாது என்று நான் இப்போது அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான். குறைந்தது காலி, நிறைவு என்று இரண்டு மட்டங்களிலாவது எடுக்க வேண்டும். அப்போதுதான் பூஜ்யமும் வீச்சும் பிரியும். திருத்தும் வரிசையும் முக்கியம். முதலில் பூஜ்யத்தைக் கழிக்க வேண்டும், அப்புறம்தான் வீச்சால் வகுக்க வேண்டும்:

உண்மை மட்டம் = (காட்டும் அளவு − பூஜ்ய நகர்வு) ÷ வீச்சுக் காரணி

28 டிகிரியிலிருந்து உள்ள விலகலை 'வி' என்று வைத்தால், என் சென்சாருக்குப் பூஜ்ய நகர்வு 1.6 × வி − 0.007 × வி × வி. வீச்சுக் காரணி 1 − 0.002 × வி. இந்த எண்கள் என் கையிலிருக்கும் ஒரு சென்சாருக்கு மட்டுமே. அதே பையில் வந்த இன்னொன்றின் பூஜ்யம் எதிர்த்திசையில் நகர்ந்தது. வீச்சு மட்டும் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்று.

பாலத்தோடு தொடராக ஒரு மின்தடையைப் போட்டு வீச்சை நிரல் இல்லாமலே சரிசெய்யும் பழைய வழி ஒன்று உண்டு. சூடானால் பாலத்தின் மின்தடை கூடும், அதனால் அதன் பங்குக்கு வரும் மின்னழுத்தம் கூடும், வீச்சுக் குறைவை அது ஈடுகட்டும். அழகான யோசனை. என் பாலத்துக்குக் கணக்குப் போட்டால் பாலத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் பெரிய மின்தடை தேவைப்பட்டது. சிக்னல் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மி.மீ.க்கு 16 மைக்ரோவோல்ட் இருக்கும் இடத்தில் 3 மைக்ரோவோல்ட்டை வைத்துக்கொண்டு அல்லாட விருப்பமில்லை.

திருத்தம் செய்தே வரும் சென்சாரை வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். எம்பிஎக்ஸ்5010ஐத்தான் முதலில் பார்த்தேன். 0 முதல் 85 டிகிரி வரை முழு அளவில் ±5 சதவீதம் என்று அதன் டேட்டாஷீட் உறுதி தருகிறது. முழு அளவு 10 கிலோபாஸ்கல். அதில் 5 சதவீதம் 51 மி.மீ. தண்ணீர். நடைமுறையில் அதைவிட நன்றாகவே இருக்கும், ஆனால் எழுத்தில் இருப்பது அவ்வளவுதான். பிஎம்பி280 வகை வளியழுத்த சென்சார்களின் பூஜ்யம் டிகிரிக்கு 1.5 பாஸ்கல் அளவுதான் நகரும், தண்ணீரில் 0.15 மி.மீ. ஆசையாக இருந்தது. குழாயில் ஒன்று, வெளியே ஒன்று வைத்துக் கழித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அதன் எல்லை 1100 ஹெக்டோபாஸ்கல். 1013உடன் நிரம்பிய தொட்டியின் 98ஐக் கூட்டினால் 1111. தொட்டி நிரம்பும் நேரத்தில், அதாவது எனக்கு மிகவும் தேவையான நேரத்தில், எல்லைக்கு வெளியே போய்விடும்.

வெப்பத்தை எங்கே அளப்பது

சூத்திரத்தைப் போட்டு மாடியில் வைத்தேன். நிலையான வெயிலில் அருமையாக இருந்தது. வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் 9 மி.மீ. வரை பிசகியது, காலை 40 டிகிரியில் ஒரு பக்கம், மாலை 40 டிகிரியில் மறுபக்கம். தெர்மோகோல் பெட்டியில் நாற்பது நிமிடம் காத்திருந்ததால் இந்தச் சிக்கல் அங்கே தெரியவில்லை. மாடியில் எதுவும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. சுவரில் ஒட்டிய வெப்பமானி சுவரின் சூட்டைச் சொல்கிறது. சவ்வு இருப்பது இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, பிளாஸ்டிக்குக்குள்.

வெப்பமானியைச் சென்சாரின் முதுகிலேயே ஒட்டினேன். கொஞ்சம் தேறியது. அப்போதுதான், சவ்வின் மேலேயே ஒரு வெப்பமானி ஏற்கெனவே இருக்கிறதே என்று தோன்றியது. பாலத்தின் மொத்த மின்தடையை மல்டிமீட்டரில் பார்த்தேன். 28 டிகிரியில் 4.9 கிலோஓம், 53ல் 5.2. டிகிரிக்கு 0.24 சதவீதம். இதைவிடச் சரியான இடத்தில் வேறு எந்த வெப்பமானியையும் வைக்க முடியாது.

பாலத்தின் தரைக் கம்பியில் 100 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராகப் போட்டேன். அதன் குறுக்கே 28 டிகிரியில் 86 மில்லிவோல்ட், 53ல் 81. இதை எச்எக்ஸ்711இன் இரண்டாவது உள்ளீட்டிலேயே அளந்துவிடலாம் என்று பார்த்தால், அதன் உள்ளீடுகள் தரையிலிருந்து குறைந்தது 1.2 வோல்ட் மேலே இருக்க வேண்டும். அதனால் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 சிப் ஒன்றைச் சேர்த்தேன். 0.256 வோல்ட் அளவில் டிகிரிக்கு 25 எண் நகர்கிறது, போதும். அதன் இன்னொரு உள்ளீட்டில் பாலத்துக்கு ஊட்டும் மின்னழுத்தத்தையும் அளந்து விகிதம் எடுக்கிறேன். அந்த மின்தடை வெப்பத்துக்கு அதிகம் மாறாத உலோகப்படல வகையாக இருக்க வேண்டும். கரித் தடையைப் போட்டால் அதன் நகர்வும் வெப்பமாகவே படிக்கப்படும்.

100 ஓம் சேர்ந்ததால் பாலத்தின் மின்னழுத்தம் துளி மாறியது. எனவே நான்கு வெப்பநிலைகளையும் முதலிலிருந்து மறுபடி எடுத்தேன். மேலே கொடுத்த எண்கள் இந்த இரண்டாவது சுற்றில் வந்தவை. ஏறும்போதும் இறங்கும்போதும் இருந்த 9 மி.மீ. இடைவெளி 2 ஆகிவிட்டது. அந்த 2, சூடாகி ஆறியபின் சவ்வும் பசையும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாததால் வருவது. அதை எந்தச் சூத்திரமும் எடுக்காது.

கடைசியாக, பெட்டிக்கு மேலே ஒரு வெள்ளைத் தகட்டை நான்கு விரல் இடைவெளி விட்டு நிழலாக மாட்டினேன். மத்தியான உச்சம் 53லிருந்து 41க்கு இறங்கியது. திருத்த வேண்டிய அளவே பாதியானது. இதை முதல் நாளே செய்திருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும். ஆனால் முதல் நாளே செய்திருந்தால் பிழை சின்னதாகி, காரணங்கள் பிரிந்து தெரிந்திருக்காது என்றும் நினைக்கிறேன்.

இப்போது நிரம்பிய தொட்டியை மூடிவைத்தால் ஒரு நாள் முழுக்க 998க்கும் 1002க்கும் நடுவே நிற்கிறது. 100லும் அதே அளவு துல்லியம். இன்னொன்றும் கவனித்தேன். தொட்டித் தண்ணீரே சூடாகி விரிந்தால் மேல்மட்டம் சில மி.மீ. ஏறும், ஆனால் அடியில் அழுத்தம் மாறாது, ஏனென்றால் எடை மாறவில்லை. இந்த முறை அளப்பது உயரத்தைவிட, உண்மையில் இருக்கும் தண்ணீரின் எடையைத்தான். எனக்குத் தேவையும் அதுதான்.

காற்றறையில் இருக்கும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரையும். அதனால் மாதம் ஒருமுறை குழாயைக் கழற்றி, சென்சாரின் பூஜ்யத்தைச் சரிபார்த்து, கீழே குமிழி வரும்வரை சிரிஞ்சால் காற்றை ஏற்றிவிட்டு மாட்டுகிறேன். 12 டிகிரிக்குக் கீழும் 53க்கு மேலும் நான் அளக்கவில்லை. பாலத்தின் வெப்பம் அந்த எல்லையைத் தாண்டினால் திரையில் மட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வரும்படி நிரலில் எழுதியிருக்கிறேன். மோட்டாரும் அப்போது தானாக ஓடாது.